ஆண்டன் டோர்ன்: கடலாராய்ச்சிக்குச் சத்திரம் அமைத்த பெரியார்

ஒருவர் தாமே கற்றுப் புகழெய்துதல் அரிது. பிறர் கற்றுப் புகழெய்துதற்கு இடம் அமைத்துக் கொடுத்துத் தாம் ஒதுங்கி நிற்றல் அதனினும் அரிது. முன்னவர் பெயரை நூல்கள் தாங்கி நிற்கும். பின்னவர் பெயரோ பெரும்பாலும் அவர் எழுப்பிய கட்டடத்தின் வாயிலோடு நின்றுவிடும். வழிநடப்போர் சத்திரத்தில் உண்டு உறங்கி விடியலில் எழுந்து செல்கின்றனர். அதனைக் கட்டினவர் யார், எவ்வாறு பொருள் தேடினார், எத்தனை இரவு உறக்கம் இழந்தார் என்று வினவுவோர் சிலரே. அத்தகைய சத்திரம் ஒன்றைக் கடலாராய்ச்சி செய்வோர்க்கென இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரில் அமைத்து, அதற்கே தம் செல்வத்தையும் தேக சுகத்தையும் ஈடாக வைத்த ஆண்டன் டோர்ன் என்னும் ஜெர்மானியப் பெரியாரின் சரிதத்தை இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கின்றோம். அவர் மறைந்து நூறாண்டுகட்கு மேலாயின. அவர் அமைத்த சாலையோ அவர் பெயர் தாங்கி இன்றும் நிலைத்திருக்கின்றது. அது நிலைத்த வகையை அறிதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பிறப்பும் இளமையும்

டோர்ன் 1840-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் பிரஷ்யா தேசத்தைச் சேர்ந்த ஸ்டெட்டின் நகரிற் பிறந்தார். அந்நகர் இரண்டாவது உலகப் போருக்குப் பின் போலந்து தேசத்தைச் சார்ந்து, இப்பொழுது ஷ்செச்சின் என வழங்குகின்றது. அவருடைய பாட்டனார் சர்க்கரை வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். தந்தையாராகிய கார்ல் ஆகஸ்ட் டோர்ன் அப்பொருளைப் பெருக்குவதினும் கல்வியில் மிக்க விருப்புடையவர். பூச்சியினங்களைச் சேகரித்து ஆராய்தலிலும், சங்கீதத்திலும், ஸ்பானிய மொழி நூல்களைத் தம் மொழியிற் பெயர்த்தலிலும் அவர் தம் காலத்தைக் கழித்தார். ஸ்டெட்டின் நகரத்துப் பூச்சிநூற் சங்கத்திற்குத் தலைவராகவும் விளங்கினார். உலகம் போற்றிய சங்கீத வித்துவான் மெண்டெல்சோன் அக்குடும்பத்தின் உற்ற நண்பர். அவரே குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றமையால், அவருடைய பெயராகிய பெலிக்ஸ் என்பதும் குழந்தையின் பெயரோடு சேர்த்து வழங்கப்பெற்றது.

செல்வமும் நூல்களும் இசையும் நிறைந்த இல்லத்தில் கடைசிப் பிள்ளையாக வளர்ந்த டோர்ன், இளமையில் ஒருவழிப்பட்ட மாணவராக இருந்தாரல்லர். கோனிக்ஸ்பெர்க், பான், ஜெனா, பெர்லின் ஆகிய நகரங்களின் சர்வகலாசாலைகளில் மாறி மாறிப் பயின்றார். வைத்தியமும் பிராணி நூலும் கற்றார். எதிலும் மனம் ஊன்றவில்லை. 1862-ஆம் ஆண்டு ஜெனாவில் எர்னஸ்ட் ஹெக்கல் என்னும் ஆசிரியரை அடுத்தபொழுதுதான் அவர் வாழ்வு திரும்பியது. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியே மாறித் தோன்றின என்னும் டார்வின் பெரியாரின் கொள்கை 1859-ஆம் ஆண்டில்தான் நூல்வடிவம் பெற்றிருந்தது. அக்கொள்கையை ஹெக்கல் எடுத்துக் கூறக் கேட்ட டோர்ன், தம் ஆயுட்காலம் முழுமைக்கும் வேண்டிய வேலை கிடைத்துவிட்டதென உணர்ந்தார். 1865-ஆம் ஆண்டு பிரெஸ்லௌ நகரில் டாக்டர் பட்டம் பெற்று, 1868-ஆம் ஆண்டு ஜெனாவிலேயே போதிக்கும் உரிமையும் எய்தினார்.

மெஸ்ஸினாவிற் பெற்ற பாடம்

டார்வின் கொள்கையைச் சோதித்தறிய விரும்பினோர்க்குக் கடலே ஏற்ற களமாயிற்று. நிலத்தில் காணப்பெறாத எத்தனையோ உயிர்க்குலங்கள் கடலிலே வாழ்கின்றன. முட்டையிலிருந்து உயிர் உருப்பெறும் வகையைக் கண்ணாடிபோல் தெளிந்த கடற்பிராணிகளின் உடலில் பூதக்கண்ணாடி கொண்டு நேரே காணலாம். ஆதலின் ஹெலிகோலந்து தீவு, ஸ்காட்லாந்து தேசத்து மில்போர்ட் கடற்கரை ஆகிய இடங்களுக்கு டோர்ன் சென்று ஆராய்ந்தார். 1868-ஆம் ஆண்டின் இறுதியில், மில்போர்ட்டில் தாம் செய்வித்த சிறு கண்ணாடித் தொட்டியையும் எடுத்துக்கொண்டு, சிஸிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகரை அடைந்தார். ருஷிய தேசத்து இளைஞராகிய மிக்லூகோ மக்லாய் என்பவரும் உடன் சென்றார்.

அங்கு அவர்கள் பட்ட தொல்லை, அக்காலத்தில் கடற்கரைக்குச் சென்ற அறிஞர் அனைவரும் பட்டதே. முதலில் தங்குவதற்கு அறை தேடவேண்டும். பின்னர் மீனவரோடு பழகி, வலையில் அகப்பட்டுக் கழித்தெறியப்படும் சிற்றுயிர்களைத் தமக்குக் கொணருமாறு பேசவேண்டும். எந்தப் பிராணி எந்த மாதத்தில் கரைக்கு வரும் என்பதைச் சொல்வார் இலர். ஐயம் எழுந்தால் பார்க்க நூல் இல்லை. கருவி பழுதுற்றால் மாற்று இல்லை. பிடித்த உயிரோ, நீர் கெட்டு மறுநாளே மாண்டுவிடும். இவற்றையெல்லாம் ஒருவாறு சீர்செய்து வேலையைத் தொடங்கும்போது, கைப்பொருளும் விடுமுறையும் ஒருங்கே தீர்ந்துவிடும். அவர் ஊர் திரும்பினபின் அடுத்து வருபவர் இத்தனையையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முன்னவர் அறிந்தது பின்னவர்க்கு உதவாமல் ஒழிந்தது.

இதனை எண்ணி வருந்திய நண்பர் இருவர்க்கும் ஒரு கருத்து உதித்தது. புகைவண்டிப் பாதையில் ஆங்காங்கே நிலையங்கள் இருப்பன போலக் கடற்கரைதோறும் ஆராய்ச்சி நிலையங்கள் இருந்தால், அறிஞர் ஓரிடத்தில் இறங்கிச் சிலகாலம் தங்கி, வேண்டிய கருவியும் நூலும் உயிர்களும் ஆயத்தமாகக் கிடைக்கப்பெற்று, வேலை முடிந்தபின் அடுத்த நிலையத்துக்குச் செல்லலாமன்றோ? மெஸ்ஸினாவில் இரண்டொரு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தொடங்கிய சிறு முயற்சி நீடிக்கவில்லை. எனினும் கருத்து அழியவில்லை. மக்லாய் பின்னர் நியூகினித் தீவு முதலிய தூரதேசங்களுக்குச் சென்று புகழ்பெற்று, 1881-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தருகே ஒரு கடலாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். டோர்ன் நேப்பிள்ஸைத் தெரிந்தெடுத்தார்.

சாலை எழுந்த வரலாறு

நேப்பிள்ஸ் விரிகுடா கடலுயிர் மலிந்தது. நகரமோ ஜனத்தொகை மிக்கதும், ஐரோப்பாவின் பலபகுதிகளினின்றும் யாத்திரிகர் வந்து குழுமுவதும் ஆகும். இவ்விரண்டாவது காரணத்தை டோர்ன் அற்பமாகக் கருதவில்லை. 1870-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து மீன்காட்சிச் சாலையைக் கண்ணுற்ற அவர், ஜனங்கள் காசு கொடுத்துக் கடற்பிராணிகளைப் பார்க்க வருகின்றனர் என்பதை அறிந்து ஒரு திட்டம் வகுத்தார். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காட்சிச்சாலை, மேல்தளத்தில் ஆராய்ச்சிச்சாலை. கீழே வரும் காசு மேலே நடக்கும் ஆராய்ச்சியைத் தாங்கும் என்பது அவர் கணக்கு.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் இங்கிலாந்து தேசத்தில் டார்வின் பெரியாரை அவரது டௌன் கிராமத்து இல்லத்திற் கண்டு பேசினார். முதியவரின் ஆதரவு இளைஞர்க்குப் பெரும் பலமாயிற்று. நேப்பிள்ஸ் நகரசபையாரோடு பேச்சு நடத்துவது மட்டும் எளிதாக முடியவில்லை. இத்தாலி தேசம் ஒன்றுபட்டுச் சிலகாலமே ஆகியிருந்த சமயம் அது. அந்நியர் ஒருவர், அரசாங்கத்தின் ஆணையுமின்றி, சர்வகலாசாலையின் பதவியுமின்றி வந்து, நகரின் அழகிய கடற்கரைப் பூங்காவில் இடம் வேண்டுகின்றார் என்றால் ஐயுறாதார் யார்? நெடிய முயற்சிக்குப் பின் நகரசபையார் இடத்தை விலையின்றி அளித்தனர். குறித்த காலம் சென்றபின் கட்டடம் நகரத்துக்கே உரியதாகும் என்பது ஒப்பந்தம். கட்டடச் செலவு முழுவதும் டோர்னுடையது.

தந்தையார் இம்முயற்சியை முதலில் உவக்கவில்லை. தாம் கல்விப்பித்தர் ஆயினும், தம் மகன் குடும்பச் சொத்தைக் கடற்கரை மணலில் கொட்டுகின்றான் என்று அவர் அஞ்சியது இயல்பே. எனினும் முடிவில் அவரும் பொருளுதவினார். குடும்பப் பொருளில் தமக்குரிய பங்கையும், நண்பர்களிடம் வாங்கிய கடனையும் கூட்டி, 1872-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டோர்ன் வேலையைத் தொடங்கினார். 1873-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கட்டடம் முடிந்தது. காட்சிச்சாலையின் தொட்டிகளில் கடல்நீர் இடையறாது சுழன்று ஓடுமாறு, அத்துறையில் வல்லவராகிய வில்லியம் ஆல்போர்ட் லாயிட் என்னும் ஆங்கிலேயர் வழி வகுத்தார். 1874-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காட்சிச்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே டோர்ன் மரியா பரனோவ்ஸ்கா என்னும் நங்கையை மணம்புரிந்தார். 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சாலையின் திறப்புவிழா முறைப்படி நடைபெற்றது.

மேஜை முறை

திறப்புவிழா நடந்தது, பணமுடை தீரவில்லை. காட்சிச்சாலைக்கு ஜனங்கள் வந்தனர். ஆயினும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. கடன்கொடுத்தோர்க்கு வட்டியும், பணியாளர்க்குச் சம்பளமும், யந்திரங்களுக்குக் கரியும் தவறாமல் வேண்டியிருந்தன. இவ்விக்கட்டான காலத்தில் டோர்ன் மேற்கொண்ட ஏற்பாடே அவர் அறிவின் சிறப்பைப் புலப்படுத்துகின்றது. அது மேஜை முறை எனப்படும்.

ஓர் அரசாங்கமோ, சர்வகலாசாலையோ, கல்விச் சங்கமோ ஆண்டுக்கு ஒரு தொகை செலுத்தி, நேப்பிள்ஸ் சாலையில் ஒரு மேஜையைக் குத்தகைக்கு எடுக்கும். மேஜை என்பது வெறும் பலகையன்று. ஒருவர் இருந்து வேலை செய்தற்குரிய இடம், கடல்நீர் ஓடும் தொட்டிகள், மருந்துச் சரக்குகள், கருவிகள், நூல்நிலையத்தின் பயன், நாள்தோறும் புதிதாகப் பிடித்த உயிர்கள், பணியாளர் உதவி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். குத்தகைதாரர் தாம் விரும்பிய அறிஞரை அனுப்பலாம். வந்தவர் எதனை ஆராய்வது, எவ்வாறு ஆராய்வது, முடிவை எங்கே வெளியிடுவது என்பவற்றில் சாலைத்தலைவர் தலையிடார். பிற்காலத்தில் ஒரு மேஜைக்கு இங்கிலாந்து தேசத்துச் சபையார் ஆண்டுக்கு 100 பவுனும், அமெரிக்கர் 500 டாலரும் செலுத்தி வந்தனர்.

இம்முறையினால் விளைந்த நன்மைகளுள் மூன்றைக் குறிப்பிடுவோம். ஒன்று, வருவாய் முன்கூட்டியே உறுதிப்பட்டது. இரண்டு, பொருள் கொடுத்தோர் பலராயினமையால் சாலை எவர் ஒருவர்க்கும் அடிமைப்படவில்லை. ஒரே புரவலரின் தயவில் நிற்கும் தருமம், அவர் முகம் மாறினால் முறிந்துவிடும்; பத்துப்பேர் தாங்கும் பல்லக்கோ ஒருவர் தோள் விலகினும் கீழே விழாது. மூன்று, பல தேசத்தவரும் ஒரே கூரையின்கீழ்ப் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் அமர்ந்து வேலை செய்யும் நிலை தானே உண்டாயிற்று.

முதற்கண் மேஜை எடுத்தோருள் பிரஷ்யா, இத்தாலி அரசாங்கங்களும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் அடங்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிர்ச்சோ, டூ புவா ரேமாண்ட் முதலிய ஜெர்மானியப் பேரறிஞர் தம் அரசாங்கத்திடம் சாலைக்காகப் பரிந்து பேச, ஜெர்மானியப் பேரரசின் நன்கொடையும் கிடைத்தது. டார்வின் பெரியார் தாமும் பொருள் உதவியதோடு, பின்னர்த் தமக்கு இத்தாலியிலுள்ள டியூரின் கலாசங்கத்தார் அளித்த பிரெஸ்ஸா பரிசுத்தொகையினின்றும் 100 பவுனைக் கருவிகள் வாங்குதற்கென நேப்பிள்ஸ் சாலைக்கு ஈந்தார்.

அமெரிக்க மாதர் மேஜை எடுத்த செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஹைடெல்பெர்க் சர்வகலாசாலையில் 1896-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்ற ஐடா ஹைடு என்னும் அம்மையார் நேப்பிள்ஸில் வேலைசெய்து, அங்குப் பெண்பாலார்க்கும் இடம் உண்டென்பதை நேரிற் கண்டார். அவருடைய முயற்சியால் அமெரிக்க மாதரும் கலாசாலைகளும் ஒன்றுகூடிப் பெண் ஆராய்ச்சியாளர்க்கென ஒரு மேஜையைத் தொடர்ந்து எடுத்துவந்தனர். பெண்களுக்குச் சர்வகலாசாலைகள் பலவும் கதவடைத்திருந்த காலம் அது என்பதை நினைத்தால் இச்செய்தியின் பெருமை விளங்கும்.

சாலையின் உள்வாழ்வு

அச்சாலையில் ஒருநாள் எவ்வாறு கழிந்தது என்பதைச் சிறிது காண்போம். காலையில் மீனவரும் சாலையின் படகோட்டிகளும் விரிகுடாவிற் பிடித்தவற்றைக் கொணர்வர். 1877-ஆம் ஆண்டு பெர்லின் கலாசங்கத்தாரின் உதவியாற் கிடைத்த ஜோஹான்னஸ் முல்லர் என்னும் சிறு நீராவிப் படகு, ஆழத்து வாரிவலைகளை இழுத்துத் தூரத்துக் கடலினின்றும் உயிர்களைச் சேர்க்கும். கடல் முள்ளெலிகள், நட்சத்திர மீன்கள், சொறிகள், பேய்க்கணவாய்கள், சிறு சுறாக்கள் முதலியன வகைவகையாகப் பிரிக்கப்படும். முதல்நாள் அறிஞர் ஒவ்வொருவரும் வேண்டியவை இன்னவை என்று தெரிவித்திருப்பர். அவரவர் மேஜைக்கு அவரவர் கேட்டது கண்ணாடிக் குடங்களில் சென்று சேரும். மெஸ்ஸினாவில் வாரக்கணக்கில் தேடி அலைந்தவர்க்கு இங்கு ஒரு காலைப்பொழுதில் எல்லாம் கிட்டின.

இப்பணியில் முதன்மை பெற்றவர் சல்வதோரே லோ பியாங்கோ என்பவர். நேப்பிள்ஸ் நகரத்து எளிய குடும்பத்திற் பிறந்த அவர், சிறு பையனாக 1874-ஆம் ஆண்டு சாலையில் ஏவல்வேலைக்குச் சேர்ந்தார். சர்வகலாசாலையின் வாயிலை மிதித்தவரல்லர். ஆயின் விரிகுடாவின் ஒவ்வோர் உயிரும் எங்கு வாழும், எப்பொழுது முட்டையிடும் என்பதை அவரைப்போல் அறிந்தார் ஒருவரும் இலராயினர். மென்மையான சொறி முதலியவற்றை வடிவும் அழகும் கெடாமற் பாடம் செய்யும் முறைகளைப் பல்லாண்டு முயன்று கண்டறிந்தார். 1890-ஆம் ஆண்டு அம்முறைகள் நூலாக வெளிவந்தன. அவர் பாடம் செய்த உயிர்கள் பல தேசத்துப் பொருட்காட்சிச் சாலைகளுக்கும் கலாசாலைகளுக்கும் விலைக்குச் சென்றன. சாலைக்கு அதனாலும் வருவாய் கிட்டியது. ஏவலாளாக வந்த பையனிடத்தில் திறமை கண்டு அதனை வளரவிட்ட தலைவரையும், வளர்ந்து தலைவர்க்குப் பெருமை சேர்த்த பையனையும் யாம் ஒருங்கே வியக்கின்றோம்.

டோர்னின் உதவித்தலைவராக ஹுகோ ஐஸிக் என்பார் பல்லாண்டு உழைத்தார். பால் மேயர் என்பார், மெல்லிய தசைத்துண்டுகளைச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் தெளிவாகக் காணும் வழிகளை அங்கிருந்தே கண்டுபிடித்தார். அவர் பெயரால் வழங்கும் சாயம் இன்றும் மருத்துவச் சோதனைச்சாலைகளில் உள்ளது. இவர்கள் செய்து கண்ட முறைகளை வந்துபோன அறிஞர்கள் கற்றுத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். 1880-ஆம் ஆண்டு முதல் நேப்பிள்ஸ் விரிகுடாவின் உயிர்களைப் பற்றிய பெருநூல் வரிசையும் வெளிவரலாயிற்று.

வேலை ஒன்றே வாழ்வு என்று டோர்ன் கருதவில்லை. இசை கேட்டு வளர்ந்தவராதலின், மனம் இளைப்பாற இடமில்லாத இடத்தில் அறிவும் இளைத்துவிடும் என்பதை அறிந்திருந்தார். கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு மண்டபத்தை இசைக்கும் உரையாடலுக்குமென ஒதுக்கினார். 1873-ஆம் ஆண்டில் ஹான்ஸ் பொன் மாரே என்னும் ஓவியரும் அடோல்ப் ஹில்டெப்ராண்ட் என்னும் சிற்பியும் அம்மண்டபத்துச் சுவர்களில் ஓவியம் தீட்டினர். படகைத் தண்டுவலித்துச் செல்லும் மீனவர், ஆரஞ்சுத் தோப்பில் நிற்கும் மாந்தர், கடற்கரைப் பந்தரின்கீழ் மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர் குழாம் ஆகியவை அச்சுவர்களில் விளங்குகின்றன. அக்குழாத்தில் டோர்னும் ஓவியர் இருவரும் கிளைனென்பெர்க் முதலிய தோழர்களும் உள்ளனர். பின்னாளில் நூல்நிலையமாக ஆக்கப்பெற்ற அம்மண்டபத்து ஓவியங்கள் ஜெர்மானிய ஓவியக்கலையின் சிறந்த செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்பெறுகின்றன.

குறைகளும் துன்பங்களும்

பெரியோர் சரிதம் எழுதுவோர் குறைகளை மறைத்தல் கூடாது. டோர்ன் எளிதிற் சினங்கொள்பவர். தாம் கொண்டதை விடாதவர். சாலையின் ஆட்சி முழுவதும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தது. ஓவியத்தில் அவருடன் அமர்ந்திருக்கும் கிளைனென்பெர்க் சில ஆண்டுகளிலேயே அவரைப் பிரிந்து, பின்னர் மெஸ்ஸினாவில் ஆசிரியரானார். ஓவியத்து நட்பு நிலைத்தது; உயிருள்ள நட்பு முறிந்தது.

அவர் ஆராய்ச்சியும் அவருக்கு அமைதி தரவில்லை. முதுகெலும்புள்ள பிராணிகள் எவ்வினத்தினின்றும் தோன்றின என்பது அக்காலத்துப் பெரிய வழக்கு. 1875-ஆம் ஆண்டில் டோர்ன் வெளியிட்ட நூலில், கணுக்கணுவாய் அமைந்த புழுவினத்திலிருந்தே அவை தோன்றின என்றும், ஓர் உறுப்பு தன் பழைய தொழிலோடு புதியதொன்றையும் சிறிது சிறிதாக ஏற்று, முடிவில் புதியதே முதன்மையாக மாறுதல் கூடும் என்றும் வாதித்தார். தம் ஆசிரியர் ஹெக்கலும் பிறரும் கொண்ட கொள்கைக்கு அது மாறாயிருந்தமையால், குருவும் சீடரும் வேறுபட்டனர். புழுக்கொள்கையை அறிஞருலகம் ஏற்கவில்லை. எனினும் தொழில்மாற்றம் பற்றிய அவர் கருத்து உயிர்நூலில் நிலைபெற்றது. முதுகெலும்புள்ளவற்றின் முதுகும் வயிறும் பிறவினங்களோடு நோக்க இடம்மாறி அமைந்தன என்னும் பழைய எண்ணமும், 1990-க்குப் பின் நடந்த மரபணு ஆராய்ச்சிகளால் மீண்டும் மதிப்புப் பெற்றது.

இவற்றினும் பெருந்துன்பம் ஒன்றுண்டு. பிறர் ஆராய்தற்கு இடம் அமைத்தவர் தாம் ஆராய்தற்கு நேரம் பெறவில்லை. கடற்சிலந்திகளைப் பற்றி 1881-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலும், முதுகெலும்புப் பிராணிகளின் தோற்றத்தைப் பற்றிப் பல கட்டுரைகளும் எழுதினார் என்பது மெய்யே. ஆயினும் மந்திரிமாரிடம் விண்ணப்பம், நகரசபையாரிடம் வாதம், கடிதங்களுக்கு விடை, ஊர் ஊராகப் பிரயாணம் என்று அவர் நாட்கள் கழிந்தன. பக்கத்து அறையில் இளைஞர் ஒருவர் பூதக்கண்ணாடியில் புதியதைக் கண்டு மகிழும்பொழுது, தலைவர் கணக்குப்புத்தகத்தின்முன் அமர்ந்திருப்பார். இதனை அவர் அறியாமற் செய்தாரல்லர். தாம் ஒருவர் எழுதக்கூடிய நூல்கள் சில. தம் சாலையில் வேலைசெய்வோர் எழுதப்போகும் நூல்கள் பல. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே அவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தார் என்று எண்ணுகின்றோம்.

விளைந்த பயன்

அக்கணக்கு பொய்க்கவில்லை. 1874-ஆம் ஆண்டு வந்த பிரான்ஸிஸ் பால்பர் என்னும் ஆங்கில இளைஞர், சுறாவினத்தின் கருவளர்ச்சியை அங்கு ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றார். 1882-ஆம் ஆண்டு அவர் ஆல்ப்ஸ் மலையில் விபத்தில் மாள, சாலையின் படகொன்றுக்கு அவர் பெயர் இடப்பெற்றது. பின்னாளில் வடதுருவக் கடலில் யாத்திரை செய்து புகழ்பெற்ற நார்வே தேசத்து நான்ஸன் 1886-ஆம் ஆண்டு நேப்பிள்ஸிற் பயின்றார். தியோடோர் போவெரி கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு, பரம்பரைக்குணங்கள் உயிரணுவினுள் உள்ள நுண்ணிழைகளால் கடத்தப்படும் என்பதற்குச் சான்று கண்டார். 1908-ஆம் ஆண்டு ஓட்டோ வார்பர்க் அம்முட்டைகள் கருவுற்றவுடன் மிகுதியாகப் பிராணவாயுவை உட்கொள்ளுதலை அங்கு அளந்தறிந்தார்.

சாலையைக் கண்டோர் தத்தம் தேசத்திலும் அதுபோன்றன அமைக்கத் தலைப்பட்டனர். நேப்பிள்ஸில் வேலைசெய்து திரும்பிய சார்லஸ் விட்மன், 1888-ஆம் ஆண்டு அமெரிக்க தேசத்து உட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் தொடங்கிய ஆராய்ச்சிச்சாலைக்கு முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் பிளிமத் நகரத்துச் சாலையும் திறக்கப்பெற்றது. அதனை நிறுவ முன்னின்ற ரே லங்கெஸ்டர் முன்னரே நேப்பிள்ஸில் டோர்னோடு தங்கியிருந்தவர்.

நேப்பிள்ஸ் கட்டடமும் வளர்ந்தது. 1885 முதல் 1888 வரை இரண்டாவது கட்டடமும், 1905-ஆம் ஆண்டையொட்டி உடலியக்கமும் ரசாயனமும் ஆராய்தற்கென மூன்றாவதும் எழுந்தன. டோர்ன் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உயிர் நீத்தார். அதுவரை அச்சாலையில் வேலைசெய்த அறிஞர் 2,200 பேருக்கு மேற்பட்டவர். ஆண்டுதோறும் எடுக்கப்பெற்ற மேஜைகள் ஐம்பதுக்கு மேல். மறு ஆண்டிலேயே லோ பியாங்கோவும் தம் தலைவரைத் தொடர்ந்து மறைந்தார்.

தலைவருக்குப் பின்

தந்தைக்குப் பின் மகனாராகிய ரைன்ஹார்ட் டோர்ன் பொறுப்பேற்றார். 1914-ஆம் ஆண்டு உலகப்போர் மூண்டது. மறு ஆண்டு இத்தாலி போரிற் புக, ஜெர்மானியராகிய ரைன்ஹார்ட் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்தது; சாலையை இத்தாலி அரசாங்கத்தார் கைக்கொண்டனர். ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருந்தோர் எதிரெதிர்ப் பாசறைகளில் நின்றனர். தந்தையார் எல்லாத் தேசத்துக்கும் பொதுவென அமைத்தது எத்தேசத்துக்கும் உரியதாகாமல் அழிந்துவிடுமோ என்னும் அச்சம் அன்று எழுந்தது. பல தேசத்து அறிஞரும் வேண்டி முயன்றதன் பயனாக, 1923-ஆம் ஆண்டு அது தனிப்பட்ட பொதுத்தருமமாக அமைக்கப்பெற்றது. 1924-ஆம் ஆண்டு ரைன்ஹார்ட் மீண்டும் தலைவரானார். இரண்டாவது உலகப்போரில் நேப்பிள்ஸ் நகர் குண்டுவீச்சால் பெரிதும் சிதைந்தபொழுதும், அருமை வாய்ந்த நூல்நிலையம் முன்னரே வேறிடத்துக்கு அனுப்பப்பெற்றமையால் காக்கப்பட்டது.

1951-ஆம் ஆண்டு அங்கு நடந்த அறிஞர் கூட்டத்தில், மோரிஸ் வில்கின்ஸ் மரபணுப்பொருளின் கதிர்ப்படம் ஒன்றைக் காட்டினார். கூட்டத்தில் இருந்த இளைஞர் ஜேம்ஸ் வாட்ஸன் அதனைக் கண்டு மனம் கிளர்ந்து, அப்பொருளின் அமைப்பைத் தேடும் வேலையிற் புகுந்தார். இரண்டாண்டுகளில் அவரும் பிரான்ஸிஸ் கிரிக்கும் அதனை வெளியிட்டனர். 1982-ஆம் ஆண்டு முதல் அச்சாலை இத்தாலியின் தேசிய ஆராய்ச்சி நிலையமாக, டோர்னின் பெயர் தாங்கி நடந்துவருகின்றது.

முடிவுரை

அன்பர்களே! பொதுக்காரியம் தொடங்குவோர் நம்மிடையே பலருளர். தொடங்கியது அவர் வாழ்நாளுக்குப் பின்னும் நிற்றல் அரிதாயிருக்கின்றது. டோர்ன் செய்தவற்றுள் கட்டடம் எழுப்பியது சிறிதே. பொருளுள்ளார் எவரும் அது செய்வர். பொருள் தருவோரைப் பலராக்கியதும், வந்தோர் சிந்தனைக்கு விலங்கு பூட்டாததும், ஏவற்பையனின் கைத்திறனையும் பேரறிஞரின் மதிநுட்பத்தையும் ஒரே சாலையின் இரு தூண்களாகக் கொண்டதும், பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒரு மண்டபம் ஒதுக்கியதும் எல்லாராலும் ஆவனவல்ல. இவற்றிற்கு அவர் கொடுத்த விலையோ, தாம் மிக விரும்பிய ஆராய்ச்சிக்குரிய நாட்கள். அவ்விலையைக் கொடுக்கத் துணிவோர் அவர் சினத்தை விடுத்துக் குணத்தைக் கைக்கொள்வாராக. வாசகசாலையாயினும் மாணவர் விடுதியாயினும் நம்மவர் தொடங்கும் தருமங்கள் ஒருவர் தோளில் ஏறாமல் பலர் தோள்களில் நின்று, தொடங்கினோர் பெயரைக் கேளாத பிள்ளைகளுக்கும் நிழல்தருவனவாகுக என வேண்டி இச்சரிதத்தை முடிக்கின்றோம்.